களவெடுத்த கமேலியாக் கொப்புகள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையும் தேடினாலும் கொப்புக் கிளாக்கரைப் போல் வெட்கங்கெட்ட கள்ளனைக் காண முடியாது. நகையைத் தொடமாட்டார், கோழியைத் தொடமாட்டார். தன்னாமுனையில் அடுத்தவர் வளவில் நிற்கும் பூஞ்செடியில் கொப்பு வெட்டுவதுதான் அவர் தொழில். அதற்கு முன் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தாராம். அங்கே எதை வெட்டினாரோ தெரியாது.

மலைநாட்டில் படிப்பித்துவிட்டு ஊருக்கு மாற்றலாகி வந்தபோது நான் ஒரு சாடியில் கமேலியாச் செடி கொண்டுவந்தேன். தேயிலைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. குளிரில் ரோசாவைப் போல் அடுக்கடுக்காகப் பூக்கும். எங்கள் வெயிலில் பூப்பதை விடுங்கள், உயிரோடு நிற்பதற்கே கிணற்றடி நிழலில் வைத்துப் பிள்ளைபோலப் பார்த்தேன். முதல் வாரமே இரண்டு கொப்பைக் காணவில்லை. அடுத்த வளவு அவருடையது. வேலியடிக்கு ஓடினேன்.

“கேட்டிருந்தா நானே தந்திருப்பனே, ஐயா?”

“தந்தா தழைக்காது, டீச்சர். களவெடுத்த கொப்புத்தான் வேர் விடும். இது தெரியாமலா புள்ளையளுக்குப் படிப்பிக்கிறீங்க?”

இந்த நம்பிக்கை எங்கள் ஊரில் எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் இந்த மனிதருக்கு அது மதம். ஒருநாள் ஆத்திரத்தில் நானே ஒரு கொப்பை வெட்டி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நிலத்தில போட்டுட்டு அங்கால பாருங்க” என்றார். நான் திரும்பவில்லை, அவர் எடுக்கவில்லை. கொப்பு நடுவில் கிடந்து வாடியது.

கொப்பைச் சரிவாகச் சீவி, இலைகளைப் பாதியாக நறுக்கி, கழுவிய மணலில் குத்துவார். ஈரம் போகாமல் மேலே போத்தல் கவிழ்க்க வேண்டும். யுத்த காலத்தில் போத்தலுக்கு எங்கே போவது? ஆசுபத்திரிக் குப்பையில் சேலைன் போத்தல் பொறுக்கி, அடியை அறுத்துக் கவிழ்த்தார். பின்வளவில் வரிசையாக ஏழு, ஏழுக்குள்ளும் என் கமேலியாக் கொப்பு. வீட்டில் சேலைன் போத்தல் இருந்தால், காயப்பட்ட இயக்கப் பெடியனுக்கு வைத்தியம் பார்த்தாய் என்று பிடித்துக்கொண்டு போகிற நாட்கள் அவை. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இது அவருக்கு உறைக்கவில்லை.

ஒரு காலை ஊரைச் சுற்றிவளைத்தார்கள். போத்தல்களைக் கண்டதும் ஆமிக்காரர் அவரை முழங்காலில் இருத்தினார்கள். வாசலில் லொறி நின்றது. அதில் ஏறிப்போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. கமேலியாச் சாடியைத் தூக்கிக்கொண்டு போய், மலைநாட்டில் பழகிய சிங்களத்தில், “இது பூச்செடி, கொப்புகளை நான்தான் கொடுத்தேன்” என்று அதிகாரியிடம் சொன்னேன்.

முழங்காலில் இருந்த மனிதர் தலையை ஆட்டுகிறார்.

“இல்ல, அவ தரல்ல. நான் களவெடுத்த” என்று அரைகுறைச் சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம்.

“வாயப் பொத்துங்க, ஐயா.”

“பொய் சொல்லாதீங்க, டீச்சர். ஏழும் பட்டுப்போயிரும்.”

அதிகாரி ஒவ்வொரு கொப்பாகப் பிடுங்கி, என் சாடியின் இலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஆறில் வேரில்லை. ஏழாவதில் நூல்போல ஒரு வெள்ளை வேர். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு பைத்தியங்களை ஏற்ற லொறியில் இடமில்லை என்று நினைத்திருக்க வேண்டும். போத்தல்களை மிதித்து நசுக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“நீங்க தந்த எண்டு சொன்னதால வேர் விட்ட அந்த ஒண்டும் போயிற்று.”

உயிரைக் காப்பாற்றியவளுக்கு இதுதான் மரியாதை. “செடி அங்கதான் நிக்கிது. நான் குசினிக்குப் போறன்” என்று கதவை அடித்துச் சாத்தினேன்.

அதன்பின் காலையில் குசினியில் தேங்காய் துருவும்போது என் காது கிணற்றடியில்தான் இருக்கும். கமேலியா இல்லாவிட்டால் செவ்வரத்தை, அதுவும் இல்லாவிட்டால் குரோட்டனில் வெட்டுவார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். கேட்காத நாட்களில் துருவலையை அப்படியே போட்டுவிட்டு அவர் வாசலுக்கு ஓடுவேன்.