ஜாமாய்க்கு என்ன வருமானம்?

சொந்தப் பெண்டாட்டியைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள எங்கள் ‘அத்தாட்சி’ பட்ட பாட்டை, இந்த தேசத்தை ஆள லாட் சாகிப் கூடப் பட்டிருக்க மாட்டார். அப்போது கல்கத்தாதான் ராஜதானி. லாட் சாகிப் அங்கே ராஜ்யபாரம் செய்துகொண்டிருக்க, பவானிபூரில் எங்கள் மெஸ்ஸின் மாடியில் அத்தாட்சி தன் மாமனாரோடு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். லாட் சாகிபுக்குப் பட்டாளம் இருந்தது. இவருக்கு நாங்கள் இருந்தோம், தலையெழுத்து.

அத்தாட்சி கார்டன் ரீச்சில் ரயில் கம்பெனி குமாஸ்தா. கல்யாணமாகி, சாந்தி முகூர்த்தமும் ஆகி, மனைவி மட்டும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். மாமனார் தாலுகா கச்சேரியில் சிரஸ்தேதாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். மழை பெய்கிறது என்றால்கூட அத்தாட்சி கேட்கிற ரகம். “கல்கத்தாவில் குடித்தனம் வைக்கப் போதுமான வருமானம் உண்டென்பதற்குத் தக்க அத்தாட்சி காட்டினால் பெண்ணை அனுப்புவேன்” என்று எழுதிவிட்டார். அன்றைக்கு எங்கள் ஆசாமியை அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது, பேரும் அதுவே ஆயிற்று. சமையல்காரர் “ரசம் ஆயிடுத்து” என்றால், “என்ன அத்தாட்சி?” என்பார். கரண்டி பறந்து வரும்.

முதலில் ஹெட் கிளார்க்கைக் கெஞ்சிச் சம்பளச் சான்று வாங்கி அனுப்பினார். “சம்பளம் வருவது தெரிகிறது. மிஞ்சுவது தெரியவில்லை” என்று பதில் வந்தது. அடுத்தது போட்டோ. கோட்டு என்னுடையது. கடிகாரச் சங்கிலி பக்கத்து அறைக்காரருடையது. ஜரிகைத் தலைப்பாகை யாரோ ஒரு ஆந்திராக்காரருடையது, நாற்காலி ஸ்டூடியோக்காரனுடையது. முகம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அசல் ஜமீன்தார். மாமனார் எழுதினார்: “நாற்காலி நன்றாயிருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் இளைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கே கஷ்டமோ?”

அத்தாட்சி துள்ளினார். “ஓய், உடம்பைக் காட்டினா ஒத்துண்டுதானே ஆகணும்!” பிறகு மிட்டாய்க் கடையே கதி என்று கிடந்தார். காலையில் சந்தேஷ், மாலையில் ரசகுல்லா, நடுவில் சட்டி சட்டியாக இனிப்புத் தயிர். வருமானமெல்லாம் வருமானத்தை நிரூபிப்பதிலேயே போயிற்று. உடம்பு ஏறவில்லை, வயிறுதான் போயிற்று. கஞ்சி குடித்துப் பாதியானார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாயிற்று.

“நீங்க சிரிக்கறேள். ஆம்படையான் வேண்டாம்னு விட்டுட்டான்னு அவளை அங்க ஊரே பேசறதாம்” என்றார். அப்போது மட்டும் ஒருவனும் சிரிக்கவில்லை.

கடைசியில் சிரஸ்தேதாரே நேரில் விசாரிக்க ரயிலேறி வந்துவிட்டார். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் வங்காளி, வக்கீல் குமாஸ்தா. அவர் மனைவியை நாங்கள் மாசிமா என்போம், சித்தி மாதிரி. மாசிமாவுக்கு அத்தாட்சி என்றால் உயிர். வங்காளிகள் வருஷத்தில் ஒரு நாள் மாப்பிள்ளையை அழைத்து, விசிறி விட்டு விருந்து போடுவார்கள். ஜாமாய் ஷஷ்டி என்று பேர். மாசிமாவுக்குப் பெண் கிடையாது. சிரஸ்தேதார் வருமுன் வந்த ஷஷ்டியன்று தெருவெல்லாம் விருந்து மணக்க, அத்தாட்சி மாடியில் கஞ்சி குடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் கூப்பிட்டுப் பூரியும் பாயசமும் போட்டுவிட்டாள். அன்று முதல் அந்த வீட்டில் குஞ்சு குளுவான் வரை அவரை ‘ஜாமாய்’ என்றே கூப்பிட்டது.

சிரஸ்தேதாருக்குக் காட்டக் கீழே இரண்டு அறைகளை இரவல் வாங்கியிருந்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பானையைத் திறந்து, அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். திருப்தியாகத்தான் இருந்தது. அப்போது வீட்டுக்காரர் வந்து கும்பிட்டு, இங்கிலீஷில், “கவலையே வேண்டாம். இவர் எங்கள் ஜாமாய்” என்றார்.

“ஜாமாய்னா என்ன ஓய்?” என்று சிரஸ்தேதார் என்னைக் கேட்டார்.

வங்காளி பாஷையில் நான் புலி என்று அலட்டிக்கொண்டு திரிந்த காலம். “மாப்பிள்ளை, மாமா!” என்றேன்.

“யாருக்கு?”

“இவாளுக்குத்தான்!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்? அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரரின் பேத்தி தத்தித் தத்தி வந்து, “ஜாமாய்!” என்று அத்தாட்சியின் மடியில் ஏறி உட்கார்ந்தது.

சிரஸ்தேதார் குடையோடு எழுந்தார். “ஒரு குடித்தனத்துக்கே வருமானம் போறுமான்னு பார்க்க வந்தேன். இங்க ரெண்டு நடக்கறதா? பேஷ்! என் பொண்ணு என் ஆத்துலயே இருந்துட்டுப் போகட்டும்.”

அத்தாட்சி குழந்தையை இறக்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மாமா, போட்டோவில இருந்த கோட்டு இவரோடது. சங்கிலி இன்னொருத்தரோடது. இந்த ரூம், பானை, அரிசி எல்லாம் இரவல். எனக்குன்னு இந்த உலகத்துல இருக்கறது உங்க பொண்ணு ஒருத்திதான். அவளையும் நீங்களே வெச்சுண்டிருக்கேள்.”

கதவுக்குப் பின்னாலிருந்த மாசிமா அழுகையைக் கண்டு என்னவென்று கேட்டு, நான் சொன்னதும் பொரிந்து தள்ளினாள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். “எனக்குப் பெண்ணே கிடையாது. இவள் என் பிள்ளையின் குழந்தை. உங்கள் பெண் இங்கே சமைத்துப் போட்டிருந்தால் நான் ஏன் இவனைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன்? அது இருக்கட்டும், கல்யாணமானபோது உமக்கு என்ன வருமானம்?”

சிரஸ்தேதார் குடையைக் கீழே வைத்தார். “அப்போ... நான் படிச்சிண்டிருந்தேன்.”

“சாப்பாடு?”

“மாமனார் ஆத்துல.”

இந்தப் பதிலை மட்டும் வீடு முழுக்கக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக மொழிபெயர்த்தேன். மாசிமா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய், அவருக்கும் ஓர் இலை போட்டாள். மனுஷர் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவும்போது, “நல்ல நாள் பார்த்து அனுப்பறேன்” என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

அனுப்பினார். கேலி பண்ணுவதற்கென்றே நாங்கள் எல்லோரும் ஹௌரா ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். அத்தாட்சி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவளோடு எங்களைத் தாண்டிப் போனார். நாங்கள் நின்றது அவர் கண்ணில் படவே இல்லை.

மாசிமா கொடுத்த கீழ் அறைக்கு அன்றே குடிபோனார். நடுவே ஒரு மாடிப்படிதான். ஆனாலும் சாயங்காலம் நாங்கள் எதையோ பறிகொடுத்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம். கீழேயிருந்து அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் வந்தது. நாங்கள் சிரித்த அதே மனிதரைப் பார்த்துத்தான் அவளும் சிரித்திருப்பாள். பாவி மனுஷன், நன்றாக இருக்கட்டும் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.