நல்ல ஆடிட்டராகப் பார்த்து

சான்றிதழ்ப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. தொழிற்சாலைகளில் 'தரக் கட்டுப்பாடு' என்று பலகை மாட்டிய அறையில், சட்டம் போட்ட சான்றிதழுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் அவரைப் பார்க்கும்போது அதையும் பார்த்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. இவரைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்த இனத்தில் ஒருவருக்குத்தான் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். போதாததற்கு, மாப்பிள்ளை மேலாளராக இருக்கும் ஏணித் தொழிற்சாலையில்தான் நான் ஸ்டோர் கீப்பர்.

வெளியிலிருந்து ஆடிட்டர் வந்து, எல்லாம் விதிப்படி நடக்கிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். அந்த ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பது யார்? தொழிற்சாலையேதான். பரீட்சை எழுதுகிறவரே பேப்பர் திருத்துகிறவரைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. போன இடத்தில் எத்தனை குறை எழுதினார், சாப்பிட்டதும் கண் சொக்குமா, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பாரா அல்லது பதிலையும் அவரே சொல்லிவிடுவாரா, முழங்கால் வலி உண்டா (உண்டு என்றால் விசேஷம், ஏனென்றால் ஏணி தயாராகும் இடம் மாடியில் இருக்கிறது) என்று நாலு பேரிடம் விசாரித்து, ஐந்தாவது ஆளிடம் சரிபார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார். ஒரு வருடம் வந்த ஆடிட்டர் அம்மாள் ஏணியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. கெட்டிக்காரர்தான், ஆனால் நமக்கு ஒத்துவராது என்றார் மாப்பிள்ளை.

ஆடிட் நெருங்கினால் அவருக்கு ஒரு சுறுசுறுப்பு வரும் பாருங்கள். தரையில் மஞ்சள் கோடு புதிதாகும். தீயணைக்கும் வாளியில் இருந்த குப்பை போய் மணல் வரும். அளவுக் கருவிகளையும் வருடத்துக்கு ஒருமுறை சோதித்துத் தேதி ஒட்ட வேண்டும். போன தடவை அது மட்டும் மறந்துபோயிற்று. ஆடிட்டர் கண்ணில் பட்டால் வம்பு. ஆகவே தேதி முடிந்த பதினொரு கருவிகளும் மாப்பிள்ளையின் கார் டிக்கிக்குள் போயின. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று கேட்காதீர்கள். நான்தான். தேதி மிச்சமிருந்த ஒரே ஒரு காலிப்பர் மட்டும், யாரும் தொடக்கூடாது என்ற உத்தரவோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் வீற்றிருந்தது.

ஏணியின் கால்களைச் சேர்க்கும் கீலில் ரிவெட் அடிக்கத் துளை போடுவார்கள். அந்தத் துளை அரை மில்லிமீட்டர் பெரிதானாலும் கீல் தளரும். ஏறியவர், தான் நினைக்காத நேரத்தில் இறங்கிவிடுவார். அதை அளப்பது ஓர் அம்மாள். அதிகம் பேசாதவர். ஆடிட் அன்று காலை நேரே மாப்பிள்ளையின் அறைக்கு வந்துவிட்டார்.

"எதை வெச்சு சார் அளக்கிறது?"

"இன்னிக்கு ஒரு நாள் கண்ணால பாத்துக்குங்கம்மா. நேத்து என்ன எழுதினீங்களோ அதையே எழுதிடுங்க."

அம்மாள் போய்விட்டார். முழங்கால் வலிக்கார ஆடிட்டர் வந்தார். மஞ்சள் கோட்டைப் பாராட்டினார். பதிவேட்டைக் கீழேயே வரவழைத்து, விறுவிறுவென்று புரட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். ஒரு குறைகூட இல்லை. சான்றிதழ் சுவர் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் புது ஏணியின் நாலாவது படியில் நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஓர் ஏணி வேண்டும் என்று அவள் கேட்டிருந்ததால் முதல் நாள்தான் ஸ்டோரிலிருந்து கைக்கு எட்டியதை எடுத்துவந்து கொடுத்திருந்தேன். காபியோடு வந்த மாப்பிள்ளை, ஏணிக் காலில் ஒட்டியிருந்த தயாரிப்புத் தேதியைப் படித்தார். ஆடிட் நடந்த தேதி. காபியைத் தரையில் வைத்துவிட்டு ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இறங்கு. ஆடாம, மெதுவா இறங்கு."

"ஏங்க, உங்க ஏணிதானே? அன்னிக்குத்தானே ஒரு குறைகூட இல்லன்னு எழுதி வாங்கினீங்க?"

மாப்பிள்ளை பிடியை இன்னும் இறுக்கினார். நானும் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். கூடப் பிறந்தவள் அல்லவா? அவள் தரையில் கால் வைத்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது. உடனே மாப்பிள்ளை அளக்கும் அம்மாளுக்குப் போன் போட்டு, அந்தத் தேதி ஏணிகள் லாரி ஏறிவிட்டனவா என்று கேட்டார்.

"அளக்காததை எப்படி சார் அனுப்புறது? தனியா ஒதுக்கி வெச்சிருக்கேன். அளக்கலைன்னு பதிவேட்டுலயும் எழுதிட்டேன். ஆடிட்டர்கூட அந்தப் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்காரே. ஆனா ஒரு ஏணி குறையுது சார். யாரோ எடுத்துட்டாங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை டிக்கியைத் திறந்து, கருவிகளைச் சோதனைக்கு அனுப்பி, அவை திரும்பி வந்ததும் எல்லா ஏணிகளையும் அளந்தார்கள். ஒன்பதில் துளை பெரிதாக இருந்தது. அதில் ஒன்று என் தங்கை ஏறியது.

மாப்பிள்ளை திருந்திவிட்டாரா? ஏணியைக் கவிழ்த்துப் பார்த்த ஆடிட்டர் அம்மாளையே இந்த வருடம் கூப்பிட்டிருக்கிறார். நேற்று மட்டும் என்னை ஓரமாக அழைத்து, அவருக்கு இப்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னார்.

சிரிக்கிறீர்கள். சரி, எடை மெஷின் இரண்டு கிலோ கூடக் காட்டியபோது தரை சமமில்லை என்று அதைத் தள்ளி வைத்து மறுபடி ஏறியது யார்? தினமும் நடக்கச் சொன்ன டாக்டரை விட்டுவிட்டு, இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்ற டாக்டரிடம் மாறியது யார்? நானும் இதை எழுதியதும் தங்கையிடம் காட்டவில்லை; அவள் குறை சொல்வாள். எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்கிற நண்பரிடம் காட்டிவிட்டு, இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு வாசகராகப் பார்த்துக்கொள்கிறேன்.