சௌனா அடுப்பில் ஒன்பதாம் எண் கல்

அன்பு மகள் இர்மெலிக்கு,

அப்பா தௌனோ எழுதுவது. நான் நலம், அம்மா நலம், படகும் நலம். மாப்பிள்ளை ராய்மோவும் நலம்தான், ஏனென்றால் அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

சனிக்கிழமை என் பெயர்நாள், காலண்டரில் என் பெயர் போட்டிருக்கும் நாள். காலையில் பார்த்தால் சௌனா நீராவிக் குளியலறை வாசலில் பதினேழு கற்கள், சுத்தமாகக் கழுவிக் காய வைத்திருந்தது. கழுவிய கல் சௌனா வாசலில் இருந்தால் எதற்கு? சுட வைத்துத் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்புகிற அடுப்புக்குத்தானே! வருஷா வருஷம் நான் கல் மாற்றுவது தெரிந்து மாப்பிள்ளை பரிசு கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் வேறு. அடுக்க வேண்டிய வரிசை போலிருக்கிறது, படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று பிசகாமல் அடுக்கி, மூன்று மணி நேரம் விறகு எரித்து, ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினேன். வசந்தத்தில் ஏரிப் பனி வெடிக்குமே, அப்படி வெடித்தது கல்லெல்லாம். அம்மா ஓடி வந்தாள். "அட மனுஷா, அது மாப்பிள்ளையோட ஆராய்ச்சிக் கல்லு! மூணு கோடை அலைஞ்சு பொறுக்கினது!"

அவர் ஆராய்ச்சியே நம் ஏரிக்கரைதான், உனக்குத் தெரியும். நூற்றுத் தொண்ணூறு கோடி வருஷத்துக்கு முன்னால் அவர் பிறந்த கரேலியாப் பக்கம் ஒரு பாறைத் துண்டாகச் சும்மா கிடந்ததாம், நம் சவோப் பக்கம் எங்கிருந்தோ நகர்ந்து வந்து மோதியதாம், நடுவில் மலை எழும்பி, அடிப்பாறையெல்லாம் மாவு மாதிரி மடிந்து குழைந்து ஒட்டிக்கொண்டதாம், மலை அப்புறம் தேய்ந்தே போச்சாம். "அப்போ நாங்க வந்தேறிங்களா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, கொஞ்சம் லேட்டா வந்தீங்க, அவ்வளவுதான்" என்றார். அப்போது இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த ஒட்டு தெளிவாகத் தெரிவது ஒன்பதாம் எண் கல்லில் மட்டும்தான் என்று அம்மா சொன்னதும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நம் கரையில் வீடு கட்டுகிறேன் என்றவர் இனி கட்டுவாரா? கோபித்துக்கொண்டு உன்னையும் கரேலியாவுக்குக் கூட்டிப் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வோம்?

மாலையில் அவர் துண்டோடு வந்தபோது, புகைபோக்கி அடைத்திருக்கிறது, இன்றைக்கு சௌனா இல்லை என்றேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "யாரு தவறிட்டாங்க மாமா?" என்றார். சாவு விழுந்தால்தானே நம்மிடம் சனிக்கிழமை சௌனா நிற்கும்! நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. எனக்கு நேராகச் சொல்ல வராது, எதையும் சுற்றி வளைத்தே பேசும் சவோக்காரன்.

உன் விறகு ஈரமாகாமல், உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று விரும்பும்,
அப்பா.

பி.கு.: பாறை விஷயத்தில் பிழை வரக் கூடாதென்று இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமே திருத்தக் கொடுத்தேன். அவர் பாதி படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் நேராகப் போய் அடுப்பிலிருந்து ஒன்பதை எடுத்து வந்தார். "எல்லாக் கல்லோட மறுபாதியும் போன மாசமே ஆய்வுக்கூடத்துக்குப் போயாச்சு மாமா. இதப் பாருங்க, எங்க பக்கமும் பிளந்திருக்கு, உங்க பக்கமும் பிளந்திருக்கு. ஒட்டு மட்டும் விடல." அதைப் புது வீட்டு வாசற்படியில் பதிக்கப் போகிறாராம். எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்றுதான் காலையிலிருந்து சண்டை. அவரிடம் இனி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்தப் பக்கம் என்று மட்டும், பிறந்த பக்கத்தை மறக்காமல் எனக்குப் பதில் எழுது.