குதிகால் மச்சம்

இந்த ஜென்மத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று எழுபத்துநாலாம் வருஷம் விஷு அன்று நான் சபதம் எடுத்தேன். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காயும் உடைத்தேன். பிள்ளையார் கேட்டுக்கொண்டார். என் மனைவி பகவதியம்மாள் கேட்கவில்லை.

காரணம், என் வலது குதிகாலில் இருந்த ஒரு மச்சம்.

"ஓணத்துக்குப் பாக்கும்போது கடுகு. இப்ப உளுந்து. ஓரமெல்லாம் பிஞ்ச அப்பளம் மாதிரி இருக்கு" என்றாள்.

"உனக்கொரு பலசரக்குக் கடை வச்சுத் தரலாம்ட்டி."

"விளையாடாதிய. மாதர் சமாஜத்துல டாக்டரம்மா வந்து சொன்னா. வளருத மச்சம், நிறம் மாறுத மச்சத்தை உடனே காட்டணுமாம். தோல்ல புத்துநோய் அப்பிடித்தான் தொடங்குமாம். ஆரம்பத்துலயே பாத்தா வெட்டி எடுத்திரலாமாம்."

"எனக்கு வலிக்கவே இல்லையே!"

"வலிக்காதாம். அதுதான் வினை."

"காலில் மச்சம் யோகம்டி. நான் மச்சக்காரனாக்கும்!"

"மச்சக்காரன் இல்ல. அச்சக்காரன்."

என்னமாய்க் கண்டுபிடித்துவிட்டாள்! கிழக்கேகோட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு நான் மேனேஜர். நான் குரல் கொடுத்தால் அண்டா அதிரும். ஊசியைக் கண்டால் நான் அதிர்வேன்.

கண்ணில் பட்டால்தானே கேட்பாள்? மறுநாள் முதல் வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டேன்.

"என்னதிது?"

"தரை குளிருது."

"சித்திரை மாசத்துலயா?"

"எனக்குக் குளிருது."

ஒரு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். எட்டாம் நாள் காலை அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"எனக்கும் முதுகுல ஒரு கறுப்பு மச்சம். பக்கத்து வீட்டுச் சரஸ்வதியக்கா பாத்துட்டுச் சொன்னா. டாக்டர்ட்ட காட்டணும். எனக்குப் பயமா இருக்கு. நீங்க கூட வருவியளா?"

காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் என்னோடு குப்பை கொட்டியவள். சபதமாவது, தேங்காயாவது! கடைக்கு லீவு சொல்லி அனுப்பினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். வழி நெடுக உபதேசம் செய்தேன்.

"பயப்படாதே. சீக்கிரம் பாத்தா சீக்கிரம் தீரும். ஒளிச்சு வச்சால் போயிருமா? ஊசியெல்லாம் எறும்பு கடிச்ச மாதிரி. வெட்டினாலும் மரப்பு மருந்து போட்டுத்தான் வெட்டுவாங்க. பயந்தவன் மூடன்!"

முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பகவதி எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை 'சரி' சொன்னதில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தோல் டாக்டர் அறை வாசலில் நர்ஸ் ஓமனா, பகவதி வாங்கிக் கொடுத்திருந்த சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வன்னியபெருமாள்! வயசு நாப்பத்தெட்டு! வலது குதிகால்!"

நான் பகவதியைப் பார்த்தேன்.

"நோயாளி நீதானே?"

"என் மச்சம் பிறந்ததுல இருந்தே இருக்கு. வளரல, மாறல. போன வாரமே டாக்டர் பாத்து ஒண்ணுமில்லைன்னுட்டார். சாக்ஸைக் கழத்துங்க."

"ஏட்டி, ஏமாத்திட்டியே!"

"பஸ்ஸுல நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா? பயந்தவன் யாரு?"

குனிந்தேன். கழற்றினேன்.

டாக்டர் ராஜையன் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுநாளே மரப்பு மருந்து கொடுத்து வெட்டி எடுத்து, சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் இட்லி எனக்கு இறங்கவில்லை. பதினோராம் நாள் டாக்டர் சொன்னார்:

"புற்றுநோய்தான். ஆனா ஆழமா இறங்கல. முழுசா எடுத்தாச்சு. ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா நான் இப்படிப் பேசிட்டிருக்க மாட்டேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்."

அதுவரை பாறை மாதிரி நின்றவள், வெளியே வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"எல்லாரும் பாக்காங்கட்டி."

"பாக்கட்டும்."

அவள் தோளைத் தொட்டேன். நடுப்பகலில், நாலு பேர் முன்னால். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

மூன்று மாதம் கழிந்தது. இந்தத் தடவை யாரும் இழுத்துப் போகாமல் நானே போய்க் காட்டிவிட்டு வந்து, மீசையை முறுக்கிக்கொண்டு அவளிடம் சொல்வதென்று முடிவு செய்தேன். நாகர்கோவிலுக்குப் பாத்திரம் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே முதல் பெஞ்சில், என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பகவதி உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?"

"காலையில அரை மணிக்கூர் குதிகாலைச் சோப்புப் போட்டுத் தேச்சிய. பாத்திரம் எடுக்கப் போறவருக்கு, பாத்திரம்தானே பளபளன்னு இருக்கணும்?"