மயில் போட்ட வாய்மூடி

காய்ச்சல் கிருமியைத் தடுக்கிறேன் என்று கிளம்பி, அது உள்ளே வரப் பூவேலைப்பாட்டோடு வாசலும் வைத்துக்கொடுத்தவள் நான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாகர்கோவிலில் ஒரு தையல்கூடத்தில் எனக்குக் கண்காணிப்பு வேலை கிடைத்தது. வயது இருபது. (அந்த வயதில் அதிகாரம் வந்தால் நடையே மாறிவிடும், எனக்கும் மாறியது.) பதினாலு பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, துணியைப் பூப்பூவாக வெட்டி ஓரம் தைக்கிற வேலை. அப்போது கையில் இருந்தது, சீமையில் ஒரு துரை வீட்டுக் கல்யாணத்துக்கான மேசைவிரிப்பு. சனிக்கிழமை பார்சலில் அது போயே ஆக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோட்டாற்றில் இன்புளுவென்சா காய்ச்சல் புகுந்தது! கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேர் படுத்தாலும் கதவைப் பூட்டிவிடுவேன்" என்றார். பூட்டினால் பதினாலு வீட்டிலும் அடுப்பு எரியாது. எனக்கோ பயத்தைவிடக் குஷி! சுகாதாரப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவள் அல்லவா? விரிப்பில் மிஞ்சிய வெள்ளைத் துணியை ஆளுக்கொரு துண்டு கொடுத்து, "திங்கக்கிழமை வாய்மூடி கெட்டாம ஒருத்தியும் உள்ள வரப்படாது" என்று உத்தரவு போட்டேன். பாய்களையும் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

திங்கள் காலை வந்தார்கள் பாருங்கள்! ஒருத்தி வாயில் மல்லிகைக் கொத்து, ஒருத்தி வாயில் அன்னாசி, எல்லாருக்கும் மூத்த ஞானப்பூ அக்கா வாயில் தோகை விரித்த மயில். தோகைக் கண் ஒவ்வொன்றும் ஓட்டை. அதன் வழியே அவளுடைய வெற்றிலைப் பல் தெரிந்தது.

"எக்கா, இது என்னது?"

"வெறுந்துணிய எப்பிடி மக்கா மூஞ்சில கெட்டுகது? பாக்குறவ நம்மள தையல் தெரியாதவன்னு நெனைக்க மாட்டாளா?"

அப்போதே அத்தனையையும் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? என்னுடைய வெறும் வாய்மூடிக்கு வெட்கப்பட்டு, சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து மூன்று வரிசை வலைப்பின்னலோடு புதிதாக ஒன்று தைத்தேன். மறுநாள் அத்தனை பேரும் பாயை விட்டு எழுந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏட்டி, இந்த முடிச்ச பாத்தியா?" என்று மூக்கோடு மூக்கு உரசக் கண்ணிகளை எண்ணினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையின் உச்சத்தில்தான் தும்மினேன்.

வியாழக்கிழமை நானும் எட்டுப் பேரும் படுக்கையில். விரிப்பிலோ ஒரு மூலை வெறுமையாகக் கிடந்தது. காய்ச்சலைவிட அந்த மூலைதான் என்னை வாட்டியது. தலையணை நனைய அழுதேன்.

ஞானப்பூ அக்காவுக்கு மட்டும் தும்மல்கூட வரவில்லை! பூட்டோடு வந்து நின்ற மிசியம்மாவிடம், "விரிப்ப அனுப்பிட்டுப் பூட்டுங்கம்மா" என்று சொன்னாள். கூடத்துக் கொடியில் கிடந்த வாய்மூடிகளை எல்லாம் கொதிக்கிற வெந்நீரில் அவித்து, வெட்டி, மிச்சமிருந்த பெண்களோடு சேர்ந்து அந்த மூலையில் பொருத்திவிட்டாள். ஒரு வெற்றிலைக் கறை மட்டும் போகவில்லை. அதன்மேல் சிவப்பு நூலில் ஒரு பூ போட்டாள். சனிக்கிழமை பார்சல் போயிற்று.

எல்லாரும் பிழைத்து எழுந்தோம், கூடமும் திறந்தது. சில மாதம் கழித்துச் சீமையிலிருந்து கடிதம். மயில் மூலை அற்புதமாம், அந்த ஒற்றைச் சிவப்புப் பூவை எல்லாரும் புகழ்ந்தார்களாம், அதேபோல் இன்னும் ஆறு விரிப்பு வேண்டுமாம்! மிசியம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் நல்ல பிள்ளையாகப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். எத்தனை துரைமார் எங்கள் வாய்மூடிமேல் ரொட்டி வைத்துத் தின்றார்களோ!

இன்றைக்கும் விருந்தாளி வருகிறார்கள் என்று நான் நல்ல விரிப்பை எடுத்து விரித்தால், என் மகள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்பாள்: "அம்மா, இதுல தும்முனது யாரு?"