ஒரு வாக்கியம் கூடுதல்

"நீங்க எழுதிக் கொடுத்ததை வச்சுத்தான் சார் மறுத்திருக்காங்க" என்றாள் இன்சூரன்ஸ் அலுவலகத்துப் பெண்.

பத்திரக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் பத்திரமும் மனுவும் எழுதிக் கொடுக்கிறவர். அவர் எழுத்தையே குறை சொல்கிறாளே!

விஷயம் இதுதான். அவருடைய அப்பா அறுபத்தொன்பது வயதில் கடனுக்குக் கார் வாங்கினார். மூன்றே வாரத்தில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியைக் கட்ட, கடனோடு ஒரு பாலிசியும் இருந்தது. கம்பெனியோ, 'நெஞ்சுவலியை மறைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்' என்று கையை விரித்துவிட்டது. மாதக் கடைசிக்குள் தீராவிட்டால் வங்கிக்காரர்கள் காரை எடுத்துப் போய்விடுவார்கள். காருக்குள் இன்னும் அப்பாவின் பவுடர் வாசனை இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

"அப்படி என்னம்மா தப்பா எழுதிட்டேன்?"

"'தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடப்பார்'னு எழுதினீங்க. நல்லது. அதோட நிறுத்தியிருக்கலாம். 'டாக்டர் பேச்சைத் தட்டவே மாட்டார்'னு ஏன் சார் சேர்த்தீங்க? எந்த டாக்டர், எதுக்கு நடக்கச் சொன்னார்னு மேலே கேக்கறாங்க."

அது கைப்பழக்கம். எந்தப் பத்திரமானாலும் கடைசியில் ஒரு வாக்கியம் கூடுதலாகப் போட்டால்தான் அவருக்குத் திருப்தி. கொடுத்த கூலிக்கு வந்தவர்களுக்கும் மனசு நிறையும்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது கடிதம் எழுதினார். டாக்டர் என்றது பல் டாக்டரை. அப்பாவுக்கு இரும்பு நெஞ்சு. அத்தோடு விட்டாரா? 'மூன்று மாடி ஏறினாலும் இரண்டே இடத்தில்தான் நிற்பார்' என்று முடித்தார்.

நாலாம் நாள் பதில் வந்தது: ஏன் நின்றார்?

"உங்க கையைக் கட்டித்தான் போடணும்" என்றாள் மனைவி. "மாமாவுக்காக எழுதறீங்களா, கம்பெனிக்காக எழுதறீங்களா?"

மூன்றாவதாகப் பிரமாணப் பத்திரமே தயாரித்தார். 'என் தந்தைக்கு எந்த வலியும் இருந்ததில்லை.' பேனா நிற்கவில்லை. 'இருந்திருந்தால் முதலில் என்னிடம்தான் சொல்லியிருப்பார். தினமும் போனில் மனம்விட்டுப் பேசுவார்.'

மனைவி படித்துவிட்டு அவரையே பார்த்தாள். "தினமுமா?"

"பத்திரம்னா அப்படித்தான்."

உண்மையில், கார் வாங்கிய அன்றே அப்பாவோடு சண்டை. "நானே ஓட்டிட்டு வந்து பேத்தியைப் பாத்துட்டுப் போவேன்டா" என்றார் அப்பா. "இந்த வயசுல உங்களுக்குக் கார் ஒரு கேடா?" என்று கத்தினார் இவர். அதுதான் அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு. அந்த வார்த்தையைத் திருப்பி வாங்க வழியில்லையே என்று பத்திரக்காரர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பலமுறை அழுதிருக்கிறார்.

கம்பெனி விடவில்லை. தினமும் பேசியதற்கு ஆதாரமாக அப்பாவின் போனைக் கொண்டுவரச் சொன்னது. பழைய பட்டன் போன். அதைத் தடவிப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. சார்ஜ் மட்டும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தப் பெண் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "ஃபைல்ல இருக்கற உங்க நம்பர் இதுல எங்கயுமே காணோமே சார்?"

ஃபைலில் இருந்தது மனைவியின் நம்பர். படிவத்தை நிரப்பியவள் அவள்தான். பத்திரக்காரர் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"கவலையை விடுங்க சார். கடைசி இருபது அழைப்பும் ஒரே நம்பருக்குத்தான். பேர்கூடப் போடலை, மனப்பாடமா அடிச்சிருக்கார். ஒரு தடவைகூட அவங்க எடுக்கலை. அப்பவும் விடாம கூப்பிட்டிருக்கார்னா, ரொம்ப வேண்டியவங்களாத்தான் இருக்கணும். 'உடம்புக்கு ஒண்ணுமில்லை'ன்னு அவங்க ரெண்டு வரி எழுதிக் கொடுத்தாப் போதும், கார் உங்களுக்குத்தான்!"

இருபதா என்று பத்திரக்காரர் போனை எட்டிப் பார்த்தார்.

"இருங்க, நானே பேசிடறேன்" என்று அவள் அந்தப் போனிலிருந்தே அழைத்துக் காதில் வைத்தாள்.

பத்திரக்காரரின் சட்டைப்பைக்குள் வெளிச்சம் வந்தது. சத்தம் வரவில்லை. சண்டைக்கு மறுநாள், அந்த ஒரு நம்பருக்கு மட்டும் சத்தத்தை நிறுத்தி வைத்தவர் அவர்தான். அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இப்பவும் எடுக்கமாட்டேங்கறாங்க சார்."