நுரைச்சாமியின் காபி

ஊரின் நடுவே ஒரு குறுகலான தெரு. கார் நுழையாது. அதனாலேயே மனிதர்கள் நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள். ஒரு கடையில் சோப்பு மட்டும் விற்பார்கள்; பார்த்தால் கேக் மாதிரி இருக்கும். அடுத்த கடையில் கேக் விற்பார்கள். தின்றால் சோப்பு மாதிரி இருக்கும். கையால் வரைந்த வாழ்த்து அட்டை, கையால் உருட்டிய மெழுகுவத்தி, கையால் பின்னிய கம்பளி உறை. உறை யாருக்கு என்றால், காபிக் கோப்பைக்கு. அதற்கும் குளிருமாம்.

நடுநடுவே காபிக் கடைகள். ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள், குட்டிக் குட்டி மெத்தைகள், உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய சோபாக்கள். விடுமுறை நாளில் இந்தத் தெருவுக்கு வந்து, நாலு கடை ஏறி இறங்கி, யாருக்காவது ஒரு பரிசு வாங்கி, ஒரு காபி குடித்துவிட்டு வீடு திரும்புவது ஊர்க்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. யாருக்கும் நஷ்டமில்லை.

அப்படி இருந்த தெருவுக்கு நுரைச்சாமி வந்து சேர்ந்தார்.

காவி கிடையாது. தாடி கிடையாது. காலம் மாறிவிட்டதல்லவா! சாம்பல் நிறச் சால்வை, வட்டக் கண்ணாடி, பூனை நடக்கிற மாதிரி ஒரு குரல். தெருக்கோடியில் இருந்த காபிக் கடையின் மூலைச் சோபாவில் சாய்ந்திருப்பார். காபியை உங்கள் முன் வைப்பார்கள். நீங்கள் அதில் ஒரு வாய் குடிக்க வேண்டும். மேலே மிச்சமிருக்கும் நுரையை அவர் உற்றுப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உற்றுப் பார்ப்பார். மூடிய கண்ணால் எப்படி ஐயா பார்க்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் நுரை கோபித்துக்கொண்டு அடங்கிவிடுமோ என்று பயம்.

“அப்படியே புட்டுப் புட்டு வச்சாரு! எனக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டாரு!” என்று ஒருவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

“உனக்கு வேலை இல்லைங்கறது உனக்கே தெரியுமே, அப்புறம் எதுக்குய்யா காசு குடுத்துக் கேட்ட?” என்றார் அவருடைய நண்பர்.

“எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

இந்த ஒரு கேள்விதான் ஊரையே வரிசையில் நிறுத்தியது. நல்ல கேள்விதான். யாராவது அதற்கு விடை தேடியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

நுரைச்சாமியை நேராகப் போய்ப் பார்க்க முடியாது. பக்கத்துப் பரிசுக் கடையில் ஏதாவது ஒரு பொருள் வாங்க வேண்டும். வாங்கினால் பையில் போட்டு, அழகாக ரிப்பன் கட்டி, கூடவே ஒரு மர வில்லையைத் தருவார்கள். அந்த வில்லை இருந்தால்தான் மூலைச் சோபாவுக்கு அனுமதி. ரிப்பன் கட்டிய பையைத் தரையில் வைக்கக் கூடாது, மேசைமேல்தான் வைக்க வேண்டும் என்பது சாமியின் கட்டளை. தரையில் வைத்தால் ராசி வடிந்துவிடுமாம்.

குறை எதுவானாலும் பரிகாரம் ஒன்றுதான்: ஆந்தை. பீங்கான் ஆந்தை. வேலை கிடைக்க வாசலில் ஓர் ஆந்தை. கடன் தீர அலமாரியில் ஓர் ஆந்தை. மாமியார் வாயடைக்க மாமியாரின் கட்டிலுக்கு நேரே ஓர் ஆந்தை. ஆந்தை எங்கே கிடைக்கும்? அதே பரிசுக் கடையில்! உலகத்தின் எல்லாச் சிக்கலுக்கும் மருந்து பக்கத்துக் கடையிலேயே கிடைப்பது எவ்வளவு பெரிய வசதி, பாருங்கள்.

இப்போது, ஊரே அக்கா என்று கூப்பிடும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துக் கடை நடத்துகிறவர். ஒரு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால் காலாவதித் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். “டாக்டர் எழுதின மருந்துதாங்க” என்று யாராவது சொன்னால், “எந்த டாக்டர்? சீட்டைக் காட்டுங்க” என்பார். அப்படிப்பட்டவர் நுரைச்சாமியிடம் எந்தச் சீட்டையும் கேட்கவில்லை. வீடு முழுக்க ஆந்தை வந்து உட்கார்ந்துவிட்டது.

“நிம்மதியா குளிக்க முடியலடி,” என்று அக்காவின் கணவர், லிப்ட் மெக்கானிக், ஒருநாள் முறையிட்டார். “சோப்பு போடும்போது ஒரு ஜோடிக் கண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருக்கு.”

“அது உங்க இடுப்பு வலிக்காக வச்சது.”

“அதைத்தான் பாக்குது!”

இதுவரை சிரிக்கிற சங்கதிதான். அதற்குப் பிறகு நடந்தது அப்படியில்லை.

அக்காவுக்கு ஒரு தங்கை. மழலையர் பள்ளியில் டீச்சர். தாய் தகப்பன் இல்லாத குடும்பம். அக்காதான் வளர்த்து ஆளாக்கினார். தங்கைக்கும் ஒரு பல் டாக்டருக்கும் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. மாப்பிள்ளைக்கு ஒரு பேனா வாங்கலாம் என்று பரிசுக் கடைக்குப் போன அக்கா, அப்படியே நுரைச்சாமியையும் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகம் வெளுத்திருந்தது.

“நுரை ரெண்டாப் பிரிஞ்சு நின்னுச்சு. ரெண்டு உயிர் சேர நினைக்குது, நடுவுல விரிசல்னு சொன்னாரு. நான் வாயே திறக்கல. அவராவே கல்யாணம்னு சொன்னாருடி!”

“சரி, அதுக்கு?”

“ராஜ ஆந்தைன்னு ஒண்ணு இருக்காம். பெரிசு. சொல்லி வச்சுத்தான் வரவழைக்கணும். அது வீட்டுக்கு வர்ற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளிப் போடணும்.”

“எப்ப வரும்?”

“அது கப்பல்ல வருது.”

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலையே மண்டபத்துக்குப் போன் போட்டுவிட்டார். தங்கைக்குச் சிரிப்பு நின்றது.

பல் டாக்டர் போனில் கத்தினார். “எங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது? ஒரு ஆந்தை இன்னும் வந்து சேரலன்னா? ஒங்க அக்காவுக்கு என்னைப் பிடிக்கலன்னா நேரா சொல்லச் சொல்லு. நான் கௌரவமா ஒதுங்கிக்கறேன்.”

தங்கை சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அக்காவிடம் வந்தாள்.

“நானும் வரேன். எனக்கு எதிரிலயே அவர் சொல்லட்டும். சொல்லிட்டா, கப்பல் வர்ற வரைக்கும் காத்திருக்கேன். மண்டபத்துக்காரர்கிட்ட மட்டும் ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். பரிசுக் கடைக்காரருக்குத் தெருவில் தேன்வாய் என்று பெயர். “வாங்கம்மா, யாருக்குப் பரிசு? என்ன விசேஷம்? ஏன் முகம் வாடியிருக்கு?” என்று அவர் கேட்கிற கேட்பில், எதிரியும் நின்று குடும்பக் கதையைச் சொல்லிவிட்டுப் போவான். அக்கா ஒரு மெழுகுவத்தி வாங்கினார். பாதிக் கதை சொல்வதற்குள் பையில் சிவப்பு ரிப்பன் ஏறிவிட்டது.

“இந்தப் பைக்கு மஞ்சள்தாங்க பொருத்தமா இருக்கும். மஞ்சள் ரிப்பன் கட்டுங்க,” என்றாள் தங்கை.

தேன்வாய் திடுக்கிட்டார். “மஞ்சள்... தீந்துபோச்சும்மா.”

“அதோ தொங்குதே, முழு உருளை!”

“அது... சும்மா அழகுக்கு மாட்டி வச்சது.”

குழந்தைகளோடு மாரடிக்கிறவளுக்குத் திருட்டு விழி தெரியாதா? வாயெல்லாம் சாக்லேட்டை அப்பிக்கொண்டு ‘நான் தின்னல மிஸ்’ என்று நிற்கிற அதே விழி! தங்கை வெளியே போகாமல், ஒரு வாழ்த்து அட்டையைப் புரட்டுகிற பாவனையில் நின்றாள். அடுத்து வந்தவர் ஒரு தையற்கடைக்காரம்மா. கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அழகுக்கு மாட்டி வைத்த மஞ்சள் உருளை சர்ரென்று இறங்கியது. அதற்கடுத்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வீட்டுச் சுவரில் தம்பி தகராறு செய்கிறானாம். பச்சை ரிப்பன்.

தங்கை அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வரிசைக்கு வந்தாள்.

“அக்கா, சாமி நுரையைப் பாத்துத்தானே சொல்றார்?”

“ஆமா.”

“பையைப் பாத்து இல்லையே?”

“பையில என்னடி இருக்கு?”

“ஒண்ணும் இல்லல்ல? அப்ப பையை மாத்தி எடுத்துக்கிட்டுப் போனா நுரைக்கு என்ன போச்சு?”

அக்கா விழித்தார். ரிப்பனை ஒருமுறை தடவிப் பார்த்தார். “சாமிமேல சந்தேகப்படக் கூடாதுடி,” என்றார் பலவீனமாக.

“சந்தேகமே இல்லேன்னா பயம் எதுக்கு? உண்மையான சாமின்னா சரியாச் சொல்லிட்டுப் போறார்.”

பின்னால் நின்ற பஸ் டிரைவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “ரொம்ப நேரமா நின்னு கால் வேற கடுக்குது. ஏதாவது விளையாட்டு இருந்தா நல்லதுதான். இந்தாம்மா, என் பை,” என்று நீட்டினார். அவருடைய பச்சை அக்காவுக்கு வந்தது. தையற்கடைக்காரம்மாவின் மஞ்சள் டிரைவருக்குப் போனது. அக்காவின் சிவப்பு தையற்கடைக்காரம்மாவுக்கு.

கால் கடுக்கிறவர் என்று டிரைவரை முதலில் விட்டார்கள்; அக்கா தயங்கி இருவருக்கும் பின்னால் நின்றுகொண்டார். மஞ்சள் ரிப்பன் பையை மேசைமேல் வைத்தார். காபியை உறிஞ்சினார். நுரைச்சாமி பையை ஒரு பார்வை, நுரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முகம்! முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் தொழில் நடக்குமா?

“தெரியுது... ஒரு சின்ன உயிர் தெரியுது. உங்க ஏக்கம் எனக்குப் புரியுது. கவலைப்படாதீங்க. ஒரு வருஷத்துக்குள்ள வயித்துல ஒரு குழந்தை உண்டாகும்.”

“யாரு வயித்துல சாமி?” என்றார் டிரைவர், தன் தொந்தியைத் தடவிக்கொண்டே.

சாமி கண்ணைத் திறந்தார். எதிரே நரைத்த மீசை. “அது... உங்க பேரக்குழந்தையைச் சொல்றேன்.”

“நான் கல்யாணமே பண்ணிக்கலையே!”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “நுரை சரியில்ல. அடுத்தவங்க வாங்க,” என்றார்.

தையற்கடைக்காரம்மா சிவப்பு ரிப்பனோடு உட்கார்ந்தார்.

“உங்களுக்குக் கல்யாணம் கூடி வர மாட்டேங்குது. வர்ற வரன் எல்லாம் தட்டிப் போகுது. சரிதானே?”

“என் வீட்டுக்காரர் வாசல்ல ஸ்கூட்டர்ல உக்காந்திருக்காருங்க. வரச் சொல்லவா? எது தட்டிப் போகுதுன்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்.”

இப்போது வரிசையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் முறை வந்தது. பச்சை ரிப்பன் பையை மேசைமேல் வைத்தார். இவர் ஒருவருக்காவது சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் கெஞ்சினார். எத்தனை ஆந்தை! எத்தனை நாள் நம்பிக்கை! எல்லாம் வீண் என்று ஒத்துக்கொள்வது லேசா?

சாமி பையைப் பார்த்தார். நுரையைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை.

“வீடு... சொந்த வீட்டுச் சுவர்... ரத்த சம்பந்தம் உள்ளவங்க கை வைக்கிறாங்க.”

அக்கா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரிடமிருந்து, மருந்துக் கடையில் போலிச் சீட்டைப் பிடித்த குரல் வந்தது.

“நாங்க இருக்கறது வாடகை வீடு. போன வாரம் இதே சோபாவுல உக்காந்து, என் தங்கச்சி கல்யாணத்துல விரிசல்னு சொன்னீங்க. அந்தத் தங்கச்சி இதோ எம் பக்கத்துல நிக்கிறா. நுரைக்கு அதுக்குள்ள மறந்துபோச்சா?”

நுரைச்சாமிக்கு நுரை தள்ளாத குறை. சோபாவிலிருந்து எழப் பார்த்தார்; அது அவரை விடவில்லை. பூனை நடந்த குரல் எங்கேயோ ஓடிப்போக, பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

“டேய் மச்சான்! ரிப்பனை மாத்திக் கட்டித் தொலைச்சியாடா?”

தேன்வாய் கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தார். அவமானம் தாங்காதவர் அவர்; செய்கிற தொழிலில் குறை சொன்னால் பொறுக்க மாட்டார். “நானா? நானா மாத்திக் கட்டுவேன்? சிவப்பு கல்யாணம், மஞ்சள் குழந்தை, பச்சை வீடு, நீலம் வேலை! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் மாமா! ஒருநாளாவது தப்பு நடந்திருக்கா?”

சொல்லி முடித்த பிறகுதான் கடை நிறைய ஆட்கள் இருப்பதைக் கவனித்தார்.

அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் பையைத் தூக்கி ரிப்பனைப் பார்த்துக்கொண்டார்கள். நீல ரிப்பன் பையோடு வரிசைக் கடைசியில் மறுபடியும் வந்து நின்ற அந்த வேலையில்லாதவர், “அதான் எனக்கு வேலை இல்லைன்னு தெரிஞ்சுதா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் பரவி, மறுநாள் காலை பரிசுக் கடை வாசலில் ஆந்தையோடு ஒரு வரிசை நின்றது. கதவில் பூட்டு. மாமனும் மச்சானும் கப்பல் ஏறினார்களோ என்னவோ!

வீட்டுக்குப் போனதும் அக்கா முதலில் மண்டபத்துக்குப் போன் போட்டார். அடுத்தது பல் டாக்டருக்கு. “தப்பு என்னுதுதான் மாப்ளே. உங்கம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்.” போனை வைத்துவிட்டுத் தங்கையிடம் மெல்லச் சொன்னார். “உன்னை அனுப்பி வைக்கணுமேன்னு பயம்டி. நல்லது கெட்டது சொல்ல வீட்டுல பெரியவங்க இல்ல. யாராவது ஒருத்தர் தைரியமா ஏதாவது சொன்னா போதும்னு இருந்துச்சு.”

“பயமா இருந்தா எங்கிட்ட சொல்லு. நானே காபி போட்டுத் தரேன். குடிச்சிட்டு ரெண்டு பேருமா யோசிப்போம்,” என்றாள் தங்கை.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. இதுவரை விரிசல் எதுவும் இல்லை. பல்லில் விரிசல் வந்தால் அடைக்க மாப்பிள்ளையே இருக்கிறார்.

தெருவில் இப்போது காபி வெறும் காபிதான். ஆனால் இரண்டு தெரு தள்ளி, மெழுகுவத்தி உருகி வழிவதைப் பார்த்துப் பலன் சொல்கிற அம்மாள் ஒருவர் வந்திருக்கிறாராம். வரிசை நீளம் என்கிறார்கள். அதில் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்பதற்கு இந்த ஊரில் இன்னும் யாரும் விலை வைக்கவில்லை. வைப்பதற்குள் இரண்டு மூன்று கேட்டுப் பாருங்கள்.